மூன்று வண்டி சேர்ந்து வருவது ஏன்?

"வந்தா மூணு வண்டி சேர்ந்தாப்ல வருது. இல்லாட்டி அரை மணி நேரமானாலும் ஒண்ணுகூட வர்றதில்ல."

இந்தப் புலம்பல் காதில் விழாத பேருந்து நிறுத்தம் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. பெரம்பூருக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே ஓடும் 29சி-க்காகச் சென்னையில் நிற்பவர் சொல்வார். மதுரையில் பெரியார் நிலையம் போக நிற்பவரும் சொல்வார். லண்டன்வாசிகள் ஏறக்குறைய இதே வார்த்தைகளில் இதை ஒரு சொலவடையாகவே வைத்திருக்கிறார்கள்.

புலம்பலோடு தீர்ப்பும் கூடவே வரும். டிரைவரும் கண்டக்டரும் கடைசி நிறுத்தத்தில் டீ குடித்துக் கதை பேசியிருப்பார்கள். டெப்போவில் நேரம் பார்க்காமல் மொத்தமாக அனுப்பியிருப்பார்கள். முன்னால் போகிறவன் கூட்டத்தை அள்ளட்டும் என்று பின்வண்டிக்காரர் வேண்டுமென்றே மெதுவாக வந்திருப்பார். இவை நடப்பதே இல்லை என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் இவற்றில் எதுவும் நடக்காவிட்டாலும் வண்டிகள் சேர்ந்துதான் வரும் என்பதே இதிலுள்ள வியப்பு. எல்லா ஓட்டுநர்களும் கடமை தவறாதவர்கள், எல்லா வண்டிகளும் மிகச் சரியாக 10 நிமிடத்துக்கு ஒன்றாகக் கிளம்புகின்றன, யாருக்கும் யாரோடும் போட்டியில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் வழியில் போகப் போக அந்த வண்டிகள் ஒன்றையொன்று எட்டிப் பிடித்துக்கொள்ளும். சம இடைவெளி தானாக நிலைக்காது. யாராவது அதைக் கட்டிக்காத்தால்தான் உண்டு.

ஆறு விநாடி

ஒரு சின்னக் கணக்குப் போட்டால் இது புரிந்துவிடும். ஒரு தடத்தில் 10 நிமிடத்துக்கு ஒரு வண்டி. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் 2 நிமிடத்துக்கு 3 பேர் வீதம் ஆட்கள் வந்து சேர்கிறார்கள். வண்டி வரும் நேரத்தில் 15 பேர் நிற்பார்கள். ஒருவர் ஏற 2 விநாடி என்றால் வண்டி 30 விநாடி நிற்க வேண்டும். நேர அட்டவணை போட்டவர் இந்த 30 விநாடியையும் சேர்த்துத்தான் போட்டிருப்பார். அதுவரை வம்பில்லை.

இப்போது ஒரு வண்டி ஏதோ ஒரு சிக்னலில் மாட்டி 2 நிமிடம் பிந்துகிறது. அடுத்த நிறுத்தத்துக்கு அது போய்ச் சேரும்போது, முந்தைய வண்டி போய் 12 நிமிடம் ஆகியிருக்கும். அங்கே 15 பேருக்குப் பதில் 18 பேர் நிற்பார்கள். அவர்கள் ஏற 36 விநாடி ஆகும். அட்டவணையில் இருப்பதைவிட 6 விநாடி அதிகம். ஆக 2 நிமிடத் தாமதம் 2 நிமிடம் 6 விநாடியாகிறது. அதற்கடுத்த நிறுத்தத்தில் இந்தப் புதிய தாமதத்துக்கு ஏற்றபடி இன்னும் கொஞ்சம் அதிகக் கூட்டம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் தாமதம் 5 சதவீதம் வளர்கிறது. அதுவும் வட்டிக்கு வட்டி போல, வளர்ந்ததன் மீதே மறுபடி வளர்கிறது. 14 நிறுத்தங்களில் 2 நிமிடம் கிட்டத்தட்ட 4 நிமிடமாகிவிடும்.

இது பாதிக் கதைதான். பின்னால் வரும் வண்டியைப் பாருங்கள். முன்வண்டி பிந்தியதால் இரண்டுக்கும் இடையே 8 நிமிடம்தான் இருக்கிறது. எனவே பின்வண்டிக்காக 12 பேர்தான் நிற்கிறார்கள். 24 விநாடியில் எல்லோரும் ஏறிவிட, அது அட்டவணையைவிட 6 விநாடி முன்னதாகக் கிளம்பிவிடுகிறது. முன்வண்டி எவ்வளவு பிந்துகிறதோ, அவ்வளவுக்குப் பின்வண்டிக்கு வேலை குறைகிறது. வேலை குறையக் குறைய அது வேகமாகிறது. ஒன்று பிந்த, மற்றொன்று முந்த, நடுவிலுள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் தின்கின்றன. இதே எண்களை வைத்து நிறுத்தம் நிறுத்தமாகக் கணக்கிட்டால், 20-வது நிறுத்தத்தில் இரண்டு வண்டிகளும் ஒட்டிக்கொண்டு வந்து நிற்கும். தொடக்கத்தில் நடந்தது ஒரு சிக்னலில் 2 நிமிடத் தாமதம், அவ்வளவுதான்.

சிக்கல் அங்கேயும் முடியவில்லை. இரண்டாவது வண்டி முந்திப் போய்விட்டதால் அதற்கும் மூன்றாவது வண்டிக்கும் நடுவே இடைவெளி விரிகிறது. மூன்றாவது வண்டிக்குக் கூட்டம் சேர்ந்து அது பிந்துகிறது. நான்காவது அதை எட்டிப் பிடிக்கிறது. ஒரே ஓர் இடையூறு அந்தத் தடம் முழுவதையும் ஜோடி ஜோடியாகப் பிரித்துப் போட்டுவிடும்.

1964-ல் கார்டன் நியூவெல், ரென்ஃப்ரி பாட்ஸ் என்ற இருவர் இதைக் கணித வடிவில் எழுதிக் காட்டினார்கள். போக்குவரத்துப் பொறியியலில் இன்றும் பேசப்படும் ஆய்வு அது. பாட்ஸின் பெயர் இயற்பியல் படித்தவர்களுக்கு வேறொரு வழியில் பழக்கம். காந்தப் பொருள்களுக்குள் அணுக்கள் பக்கத்து அணுவைப் பார்த்துத் தம் திசையை மாற்றிக்கொள்வதை விளக்கும் 'பாட்ஸ் மாதிரி' அவர் பெயரில்தான் இருக்கிறது. பக்கத்தில் இருப்பவர் என்ன செய்கிறாரோ அதைப் பொறுத்து என் நிலை மாறும் என்பதுதான் அங்கேயும் அடிப்படை. அணு இருந்த இடத்தில் இங்கே பேருந்து.

விசில் அடித்த பிறகும் நிற்கும் வண்டி

மேலே போட்டது தாராள மனதோடு போட்ட கணக்கு. ஒருவர் ஏற எப்போதும் 2 விநாடிதான் என்று அதில் வைத்திருந்தோம். நம் ஊர் வண்டியில் என்ன நடக்கிறது என்பது ஏறியவர்களுக்குத் தெரியும்.

கூட்டம் குறைவான வண்டியில் முன்வாசலில் ஒருவர், பின்வாசலில் ஒருவர் என்று சரசரவென ஏறிவிடுவார்கள். நிரம்பிய வண்டியில் முதலில் படிக்கட்டில் நிற்பவர்கள் கீழே இறங்க வேண்டும். உள்ளேயிருந்து இறங்குபவர் "கொஞ்சம் வழி விடுங்க" என்று முண்டியடித்து வர வேண்டும். இறங்கியவர்கள் மறுபடி ஏறி, அதன் பிறகுதான் புதியவர் கால் வைக்க முடியும். "உள்ள போங்க, நடுவுல இடம் இருக்குல்ல" என்று கண்டக்டர் கத்துவார். யாரும் அசைய மாட்டார்கள். 2 விநாடி 4 ஆகும், 5 ஆகும்.

பிறகு டிக்கெட். சென்னை நகரப் பேருந்தில் கண்டக்டர் தன் இருக்கையை விட்டு எழாமலே வேலை பார்ப்பது பழைய வழக்கம். "ஒரு அடையாறு வாங்கிக் குடுங்கண்ணா" என்று முன்னால் ஒருவர் நீட்டும் காசு ஏழெட்டுக் கை மாறிப் பின்னால் போகும். டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் அதே கைகள் வழியாகத் திரும்பி வரும். முன்பின் தெரியாத கைகளை நம்பிச் செய்யும் இந்த ஏற்பாடு கூட்டம் அளவாக இருக்கும்வரை அருமையாக நடக்கும். ஓட்டுநரிடம் காசு கொடுத்துவிட்டு ஒவ்வொருவராக உள்ளே போகும் வெளிநாட்டுப் பேருந்துகளில் வாசலிலேயே நேரம் போய்விடும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் கூட்டம் பிதுங்கும்போது கைகள் மாறவே வழியில்லாமல் போகும். அடுத்த ஸ்டேஜ் வருவதற்குள் இந்த ஸ்டேஜுக்கான டிக்கெட்டுகளைப் போட்டு முடிக்க வேண்டும். 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்றாலும் அவர்களுக்கும் கட்டணமில்லா டிக்கெட் கொடுத்தாக வேண்டும். கண்டக்டருக்கு வேறு வழியில்லை. விசிலை ஊதி, நிறுத்தமே இல்லாத இடத்தில் வண்டியை ஓரங்கட்டச் சொல்வார். பாக்கியுள்ள டிக்கெட்டுகளைப் போட்டு முடித்த பிறகுதான் "போலாம் ரைட்".

அந்த நேரத்தில் ஒரு காலி வண்டி பக்கத்தில் சர்ரென்று கடந்து போகும். உள்ளே நசுங்கிக்கொண்டிருப்பவர்கள் அதைப் பார்த்து வயிறெரிவார்கள். அது அதே எண் வண்டிதான். இவர்கள் இங்கே நசுங்குவதால்தான் அது அங்கே காலியாக வருகிறது.

கூட்டம் கூடக்கூட நிற்கும் நேரம் அதே விகிதத்தில் கூடுவதில்லை, அதைவிட வேகமாகக் கூடுகிறது. நம் வண்டிகளில் 20 நிறுத்தம்வரை போக வேண்டியதில்லை, அதற்கு முன்பே ஜோடி சேர்ந்துவிடும்.

ராசி இல்லை, கணிதம்

"நான் வந்து நின்னா மட்டும் வண்டி வராது" என்பது அடுத்த புலம்பல். இதில் ராசியைக் குறை சொல்ல வேண்டாம். இதற்கும் கணிதத்தில் விளக்கம் இருக்கிறது.

ஒரு மணி நேரத்தில் 6 வண்டிகள். சரியாக 10 நிமிடத்துக்கு ஒன்று என்று வந்தால், நாம் ஏதோ ஒரு நேரத்தில் போய் நிற்கும்போது சராசரியாக 5 நிமிடம் காத்திருப்போம். இப்போது அதே 6 வண்டிகள் ஜோடி ஜோடியாக வருகின்றன. முதலில் 18 நிமிடம் எதுவும் இல்லை, பிறகு ஒன்று, அடுத்த 2 நிமிடத்தில் இன்னொன்று. வண்டிகளின் எண்ணிக்கை குறையவில்லை. இடைவெளியின் சராசரியும் அதே 10 நிமிடம்தான். ஆனால் நாம் போய் நிற்கும் கணம் எந்த இடைவெளிக்குள் விழும்? ஒவ்வொரு 20 நிமிடத்திலும் 18 நிமிடம் நீண்ட இடைவெளிக்குச் சொந்தம். ஆகவே பத்தில் ஒன்பது பேர் அதற்குள்தான் வந்து மாட்டுவார்கள். அவர்களுடைய சராசரிக் காத்திருப்பு 9 நிமிடம். அதிர்ஷ்டசாலியான பத்தாவது ஆளுக்கு 1 நிமிடம். மொத்தச் சராசரி 8.2 நிமிடம். ஒரு வண்டியைக்கூடக் குறைக்காமல் காத்திருப்பு 5-லிருந்து 8.2 ஆகிவிட்டது.

இதன் எல்லை இன்னும் விசித்திரமானது. வண்டிகள் எந்த ஒழுங்கும் இல்லாமல், முன்வண்டி எப்போது போனது என்பதற்கும் தமக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் தற்செயலாக வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். சராசரி இடைவெளி அதே 10 நிமிடம். அப்போது நீங்கள் எப்போது போய் நின்றாலும் சராசரியாக 10 நிமிடம் காத்திருக்க வேண்டும். 9 நிமிடம் நின்று முடித்த பிறகு எவ்வளவு பாக்கி என்று கேட்டால் அப்போதும் விடை 10 நிமிடம்தான். ஏற்கெனவே நின்றதற்கு எந்தத் தள்ளுபடியும் கிடையாது. நிகழ்தகவுப் பாடத்தில் மாணவர்களைத் திகைக்க வைக்கும் புதிர்களில் இது புகழ்பெற்றது.

இதே காரணத்தால்தான் பயணிகளும் போக்குவரத்துக் கழகமும் ஒருவரை ஒருவர் பொய்யர் என்று நினைக்கிறார்கள். நம் 18-2 கணக்கில் 20 நிமிடத்துக்கு 100 பேர் வருகிறார்கள் என்போம். முதல் வண்டியில் 90 பேர், இரண்டாவதில் 10 பேர். கழகம் தன் ஏட்டைப் பார்த்து, வண்டிக்குச் சராசரி 50 பேர்தான், கூட்டமே இல்லை என்று சொல்லும். அது உண்மை. பயணிகளைக் கேட்டால் 90 பேர் "வண்டியில் 90 பேர்" என்பார்கள், 10 பேர் மட்டுமே "10 பேர்" என்பார்கள். பயணிகள் கண்ட சராசரிக் கூட்டம் 82. அதுவும் உண்மை. காலி வண்டியைப் பற்றிச் சொல்ல அதில் ஆளில்லை.

சுற்றுச்சூழல் கணக்கும் இங்கேதான் இடிக்கிறது. 90 பேரோடு ஓடும் பேருந்தைவிடச் சிக்கனமான நகர வாகனம் சாலையில் அதிகம் இல்லை. ஆனால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு 10 பேரோடு வரும் வண்டியும் கிட்டத்தட்ட அதே அளவு டீசலைக் குடிக்கிறது. இரண்டு வண்டி, நான்கு ஊழியர்கள், இரண்டு வண்டிக்கான எரிபொருள். கிடைப்பது ஒரு வண்டியின் சேவை. அந்த 18 நிமிடத்தில் பொறுமை இழந்தவர் ஷேர் ஆட்டோவில் ஏறுகிறார். கொஞ்ச நாளில் தவணையில் ஒரு ஸ்கூட்டர் வாங்கிவிடுகிறார். அந்த ஸ்கூட்டரும் சாலைக்கு வந்து, சிக்னலில் பேருந்தை இன்னும் கொஞ்சம் பிந்த வைக்கிறது. புதிய வண்டிகள் வாங்குவது அவசியம்தான். ஆனால் வாங்கிய வண்டிகள் ஜோடி போட்டுக்கொண்டு திரிந்தால் செலவில் ஒரு பங்கு வீண்.

மெக்சிகோவின் உளவாளிகள்

அப்படியானால் யாரும் மேலிருந்து ஆட்டுவிக்காமல், வண்டிகள் தாமாகவே இடைவெளி காக்க முடியாதா? முடியும் என்பதற்கு ஒரு விநோதமான சான்று மெக்சிகோ நாட்டின் குவெர்னவாக்கா நகரத்தில் கிடைத்தது.

ஆண்டு முழுவதும் இதமான தட்பவெப்பம் என்பதால் 'நிரந்தர வசந்தத்தின் நகரம்' என்று அழைக்கப்படும் ஊர் அது. 1990-களின் இறுதியில் அங்கே நகரப் பேருந்துகளை அரசுக் கழகம் ஓட்டவில்லை. ஓட்டுநர்களே உரிமையாளர்கள். கால அட்டவணை கிடையாது. ஏற்றும் ஆளுக்குத் தக்கபடி வருமானம். முன்வண்டியை ஒட்டிப் போனால் அது கூட்டத்தை வழித்துக்கொண்டு போயிருக்கும், ஒன்றும் தேறாது. ரொம்பப் பின்தங்கினால் பின்னால் வருபவர் முந்திக்கொண்டு போய் வரவிருக்கும் கூட்டத்தைத் தட்டிப் பறித்துவிடுவார். ஆகவே முன்வண்டி எப்போது போனது என்று தெரிந்துகொள்ள வேண்டியது பிழைப்புப் பிரச்சினை. இதற்காகவே வழியில் சில ஆட்கள் கையில் தாளோடு நின்று, ஒவ்வொரு வண்டி கடக்கும் நேரத்தையும் குறித்துவைத்து, அடுத்து வரும் ஓட்டுநரிடம் காசு வாங்கிக்கொண்டு சொல்வார்கள். இடைவெளி குறைவு என்றால் ஓட்டுநர் மெதுவாகப் போவார். அதிகம் என்றால் ஆக்சிலரேட்டரை மிதிப்பார்.

செக் நாட்டு இயற்பியலாளர்களான மிலன் கிரபாலெக், பீட்டர் ஷெபா இருவரும் இந்தப் பேருந்துகள் வந்து போன நேரங்களை ஆராய்ந்து 2000-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பேருந்துகளுக்கு இடைப்பட்ட நேரங்களை வரைபடமாகப் போட்டபோது, அவர்களுக்கு ஏற்கெனவே பரிச்சயமான ஒரு வளைகோடு கிடைத்தது. யுரேனியம் போன்ற கனமான அணுக்கருக்களின் ஆற்றல் மட்டங்கள் எப்படி இடைவெளி விட்டு அமைகின்றன என்பதை விளக்க, 1950-களில் யூஜீன் விக்னர் ஒரு வழி சொன்னார். தற்செயலாக எண்களை நிரப்பிய பெரிய அணிகளை எடுத்துக்கொண்டு, அவற்றின் சிறப்பியல்பு எண்களின் இடைவெளியைப் பார்க்கச் சொன்னார். அந்த எண்கள் ஒன்றையொன்று ஒதுக்கித் தள்ளுகின்றன. இரண்டு எண்கள் மிக நெருங்கி வருவது மிக அரிது, ரொம்ப விலகிப் போவதும் அரிது. 1972-ல் பிரின்ஸ்டனில் ஒரு தேநீர் வேளையில் ஹ்யூ மான்ட்கோமரியும் ஃப்ரீமன் டைசனும் பேசிக்கொண்டிருந்தபோது, பகா எண்களோடு தொடர்புடைய ரீமான் சார்பின் சுழிகளும் இதே பாங்கில்தான் இடைவெளி விடுகின்றன என்று தெரிய வந்தது. அணுக்கரு, பகா எண், பிறகு மெக்சிகோவில் ஒரு டவுன் பஸ்.

இது வெறும் உருவ ஒற்றுமை இல்லை. ஜின்ஹோ பைக், அலெக்சி பொரோடின், பெர்சி டைஃப்ட், டூஃபிக் சுயிடன் ஆகிய கணிதவியலாளர்கள் 2006-ல் குவெர்னவாக்கா பேருந்துகளுக்கென்றே ஒரு கணித மாதிரியை அமைத்து, இந்தப் பாங்கு ஏன் வருகிறது என்று காட்டினார்கள். தற்செயலாக நகரும் பல பொருள்கள் 'ஒன்றோடொன்று மோதாதே' என்ற ஒரே விதிக்குக் கட்டுப்பட்டால் இந்த வளைகோடு தானே வந்துவிடுகிறது.

இதில் முக்கியமான ஆள் அந்தத் தாள் பிடித்த உளவாளி. வண்டிகளும் ஓட்டுநர்களின் பேராசையும் எல்லா ஊரிலும் உண்டு. போட்டி மட்டும் இருந்து தகவல் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை நம் ஊர்ச் செய்தித்தாள் படிப்பவர்கள் அறிவார்கள். தனியார் பேருந்துகள் ஓடும் நகரங்களில் 'டைமிங் தகராறு' என்ற செய்தி அடிக்கடி வரும். பெர்மிட்டில் குறித்த நேரத்துக்கு ஒரு நிமிடம் தாண்டி ஸ்டாண்டில் நின்றாலே பின்வண்டிக்காரர் கதவைத் தட்டி வம்புக்கு வருவார். அந்தச் சண்டையைத் தீர்த்துவைப்பதற்கென்றே பேருந்து நிலையங்களில் டைம் கீப்பர் என்று ஒருவர் உண்டு. ஒரு நிமிடத்துக்காக நடக்கும் அந்தச் சண்டை பார்க்க அற்பமாகத் தோன்றும். தாமதம் வட்டி போட்டு வளரும் கணக்கைத் தெரிந்துகொண்டால் அந்த ஒரு நிமிடத்தின் விலை தெரியும். பின்வண்டிக்காரருக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அன்றைய கலெக்‌ஷனிலேயே தெரிந்துவிடும்.

நின்றால் சீக்கிரம் போகலாம்

நோய் தெரிந்துவிட்டது. மருந்துகள் மூன்று வகை.

முதல் வகை, வட்டி விகிதத்தைக் குறைப்பது. ஏறி இறங்கும் நேரம் குறைந்தால் தாமதம் மெதுவாகத்தான் வளரும். தாழ்தளப் பேருந்தில் மூன்று படி ஏற வேண்டியதில்லை. முதியவரும் குழந்தையைத் தூக்கியவரும் ஓர் அடி வைத்தால் உள்ளே இருப்பார்கள். தாழ்தளத்தை மாற்றுத்திறனாளிகளுக்கான வசதி என்று மட்டும் பார்ப்பது வழக்கம். அது நிறுத்தத்தில் நிற்கும் எல்லோருடைய நேரத்தையும் மிச்சப்படுத்துகிறது. கைபேசியில் டிக்கெட் எடுப்பதும், மாதப் பாஸும், அகலமான வாசலும் இதே வேலையைச் செய்கின்றன.

இரண்டாவது, முதல் இடையூறையே தவிர்ப்பது. பேருந்துக்கென்று தனித் தடம், பேருந்து வருவதைப் பார்த்துப் பச்சை விளக்கைச் சில விநாடி நீட்டிக்கும் சிக்னல் ஆகியவை இந்த வகை. மெட்ரோ ரயிலில் நாம் இந்த ஜோடி சேர்தலைக் காண்பது அரிது. தண்டவாளத்தில் குறுக்கே வர யாருமில்லை. இரண்டு ரயில்கள் ஓர் அளவுக்கு மேல் நெருங்கவும் சிக்னல் அமைப்பு விடாது. கதவு மூட யாருக்காகவும் ரொம்ப நேரம் காத்திருப்பதும் இல்லை.

மூன்றாவதுதான் மனித மனத்துக்கு ஒவ்வாதது. முந்தி வரும் பின்வண்டியைப் பிடித்து நிறுத்தி வைப்பது. லண்டன் பேருந்தில் போனவர்கள் இதைக் கேட்டிருப்பார்கள். சேவையைச் சீராக்குவதற்காக இந்த வண்டி சிறிது நேரம் இங்கே நிற்கும் என்று ஒலிபெருக்கி சொல்லும். எதிரே சாலை காலியாகக் கிடக்கும். சிக்னல் பச்சையாக இருக்கும். வண்டி நகராது. உள்ளே இருப்பவர்கள் பல்லைக் கடிப்பார்கள். ஆனால் அந்த இரண்டு நிமிடம் அந்த வண்டிக்குப் பின்னால் விரியவிருந்த பள்ளத்தை அடைக்கிறது. வண்டிக்குள் இருக்கும் சிலருக்கு நஷ்டம், வரிசையாக அடுத்தடுத்த நிறுத்தங்களில் நிற்கும் பலருக்கு லாபம்.

எவ்வளவு நேரம் நிறுத்துவது என்பதற்கு 2012-ல் ஜான் பார்த்தோல்டி, டொனால்ட் ஐசன்ஸ்டைன் இருவரும் ஓர் எளிய வழி சொன்னார்கள். கால அட்டவணையைத் தூக்கி ஓரமாக வையுங்கள் என்பது அதன் முதல் படி. தடத்தின் ஓரிடத்தைக் கட்டுப்பாட்டுப் புள்ளியாக வைத்துக்கொண்டு, அங்கே வரும் ஒவ்வொரு வண்டியும் தனக்குப் பின்னால் வரும் வண்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அது தொலைவில் இருந்தால் அதற்கேற்பக் கூடுதல் நேரம் நிற்க வேண்டும். பக்கத்தில் இருந்தால் உடனே கிளம்பிவிட வேண்டும். இவ்வளவுதான் விதி. எல்லா வண்டிகளும் இதைச் செய்தால், யாரும் எந்த இடைவெளி வேண்டும் என்று சொல்லாமலே, எல்லா இடைவெளிகளும் தாமாகச் சமமாகின்றன. நடுவில் ஒரு வண்டி பழுதாகி நின்றுவிட்டாலும் மிச்சமுள்ளவை புதிய சம இடைவெளிக்குத் தம்மைத் திருத்திக்கொள்கின்றன. அட்லாண்டாவில் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகப் பேருந்துகளில் இதைச் சோதித்தும் பார்த்தார்கள். குவெர்னவாக்கா ஓட்டுநர் காசு கொடுத்து வாங்கிய தகவல் முன்வண்டியைப் பற்றியது, இவர்கள் கேட்டது பின்வண்டியைப் பற்றியது. இரண்டிலும் அக்கம்பக்கத்து வண்டியைத் தெரிந்துகொண்டால் போதும், நகரம் முழுவதையும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

எதை எண்ணுவது?

நம்மூரில் போக்குவரத்துக் கழகத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் வழக்கமாக அடிபடும் எண்கள் சில உண்டு. எத்தனை வண்டி ஓடியது, எத்தனை சிங்கிள் (ஒருவழி நடை) அடித்தது, எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு கலெக்‌ஷன், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர். இவை அனைத்தும் வண்டிக்குள்ளிருந்து பார்த்து எண்ணியவை. 18-2 என்று ஓடிய நாளிலும் 10-10 என்று ஓடிய நாளிலும் இந்த எண்களில் பெரிய வித்தியாசம் தெரியாது. நிறுத்தத்தில் நின்றவருக்கு மட்டும்தான் அந்த வித்தியாசம் தெரியும்.

லண்டன் பல ஆண்டுகளாகவே அடிக்கடி ஓடும் தடங்களில் அந்த நிறுத்தத்துக்காரரின் பக்கம் நின்று எண்ணுகிறது. வண்டிகள் சீராக வந்திருந்தால் எவ்வளவு நேரம் காத்திருக்க நேர்ந்திருக்கும், உண்மையில் எவ்வளவு காத்திருந்தார்கள், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு என்பதே அளவுகோல். நம் கணக்கில் அது 8.2-லிருந்து 5-ஐக் கழித்து வரும் 3.2 நிமிடம். பேருந்து ஓட்டும் நிறுவனத்துக்கு ஊக்கத்தொகையும் அபராதமும் இந்த எண்ணை வைத்துத்தான். சிங்கப்பூரும் 2014-ல் இதே அளவுகோலைப் பரிசோதிக்கத் தொடங்கிப் பிறகு பின்பற்றியது. கூடுதலாக ஒரு வண்டிகூட வாங்காமல் ஒரு நகரத்தின் பேருந்துச் சேவையைக் கூட்டிக் காட்டக்கூடிய எண் அது.

அதற்குத் தேவையான தகவல் இப்போது நம்மிடமும் இருக்கிறது. சென்னை மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் வண்டி எங்கே வருகிறது என்பதை 2022-ல் வந்த 'சென்னை பஸ்' செயலியிலேயே பார்க்க முடிந்தது. குவெர்னவாக்காவில் தாள் பிடித்து நின்ற ஆளின் வேலையை இன்று ஜிபிஎஸ் செய்கிறது. பயணிக்கு மட்டும் காட்டும் அந்தத் தகவலை, பின்வண்டி எத்தனை நிமிடத்தில் இருக்கிறது என்ற ஒற்றை எண்ணாக்கி ஓட்டுநர் கண்முன்னும் காட்டலாம். "ரெண்டு நிமிஷம் நில்லுங்க" என்று சொல்லும் அதிகாரத்தை யாரிடமாவது கொடுக்கலாம். நின்றதற்காக ஓட்டுநருக்கு மெமோ வராது, கலெக்‌ஷன் பேட்டாவும் குறையாது என்ற உத்தரவாதமும் வேண்டும். கடைசியாகச் சொன்னது இல்லாமல் முதலிரண்டும் நடக்காது.

பயணிக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. பிதுங்கி வழியும் ஒரு வண்டி வந்து நின்று, அதே எண் வண்டி இரண்டு நிமிடத்தில் பின்னால் வருகிறது என்று கைபேசி காட்டினால், முதல் வண்டியை விட்டுவிடுங்கள். நம் கணக்குப்படி ஐந்து பேர் ஒதுங்கினாலே முன்வண்டிக்கு 10 விநாடி மிச்சம். அந்த நிறுத்தத்தில் வந்த 6 விநாடித் தாமதம் தீர்ந்து மேலே 4 விநாடி வரவு. அந்த ஐந்து பேரும் பின்வண்டியில் ஏறுவதால் அதன் அவசரமும் கொஞ்சம் அடங்கும். கட்டுப்பாட்டு அறை செய்ய வேண்டிய வேலையைச் சம்பளமில்லாமல் நீங்கள் செய்கிறீர்கள். தியாகம் என்றெல்லாம் நினைக்க வேண்டாம். பின்வண்டியில் உட்கார இடமிருக்கும்.